ஓவியரிடம் படம் வரையக் கொடுப்பது எப்படி? கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்மா அப்பாவின் உருவப்படம், கல்யாணப் படம், ஊரில் விட்டுவந்த வீடு, சாமி அறைக்கு ஒரு முருகன். கொழும்பில் தமிழ்க் குடும்பங்கள் ஓவியரிடம் கேட்பது பெரும்பாலும் இவற்றைத்தான். முதற்தடவை கொடுப்பவர்கள் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

முதலில் ஓவியரைத் தேடுவதா, புகைப்படத்தைத் தேடுவதா?

புகைப்படத்தை. ஓவியர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், படத்தில் இல்லாத கண்ணை ஊகித்துத்தான் வரைய வேண்டும். "இது அப்பா மாதிரி இல்லை" என்று வரும் சண்டைகளில் பாதிக்கு மேல் அந்த ஊகத்தில் தொடங்குபவை. கையில் என்ன படம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் எந்த அளவில், எந்த முறையில் வரையலாம் என்று ஓவியரும் சொல்ல முடியும்.

எப்படிப்பட்ட புகைப்படம் வேண்டும்?

வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வர வேண்டும். காலையில் விறாந்தையில், அல்லது ஜன்னலுக்குப் பக்கவாட்டில் ஆளை இருத்தி எடுத்தால் மூக்கின் ஒரு பக்கமும் கன்னத்தின் கீழும் மெல்லிய நிழல் விழும். முகத்துக்கு உருவம் கொடுப்பது அந்த நிழல்தான். பிளாஷ் போட்டால் நிழல் போய்விடும், முகம் தட்டையாகிவிடும். மண்டபத்தில் எடுத்த கல்யாணப் படங்கள் பார்க்க அழகாக இருந்தும் வரைய உதவாமல் போவது இதனால்தான்.

கைத்தொலைபேசியை முகத்துக்குக் கிட்டப் பிடித்து எடுக்காதீர்கள். இரண்டு அடி தூரத்தில் எடுத்தால் மூக்கு பெருக்கும், காது பின்னால் போகும். ஆறேழு அடி தள்ளி நின்று இரண்டு மடங்கு சூம் வைத்து எடுங்கள். கமரா கண் மட்டத்தில் இருக்கட்டும்.

அனுப்பும் விதமும் முக்கியம். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுப் போகும், இமை மயிர் எல்லாம் கரைந்துவிடும். "டொக்கியுமென்ட்" ஆக அனுப்புங்கள், அல்லது மின்னஞ்சலில் போடுங்கள். முதன்மைப் படம் ஒன்றோடு, அதே ஆளின் வேறு நான்கைந்து படங்களையும் சேர்த்துக் கொடுத்தால் மூக்கின் உண்மையான வடிவம் ஓவியருக்குப் பிடிபடும்.

செல்ஃபியைக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் கண்ணாடிப் பிம்பமா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். பல தொலைபேசிகள் முன் கமராப் படத்தை இடம் வலம் மாற்றிச் சேமிக்கும். வகிடு மறுபக்கம் போய்விடும், சேலைத் தலைப்பு வலது தோளுக்கு வந்துவிடும், சட்டைப் பை வலது மார்பில் இருக்கும். பூணூலும் தோள் மாறிவிடும், அது வீட்டில் பெரிய பிரச்சினையாகும்.

சாமி படத்தில் இதே பிழை இன்னும் கனமானது. இணையத்தில் எடுத்த படத்தை யாரோ முன்பே புரட்டிப் போட்டிருப்பார்கள், வலம்புரிப் பிள்ளையார் இடம்புரியாகிவிடுவார். நடராசர் தூக்கிய கால் இடது கால். கால் மாறி ஆடியது மதுரை வெள்ளியம்பலத்தில் மட்டுந்தான், உங்கள் சாமி அறையிலும் அப்படி வேண்டுமானால் சொல்லிக் கேளுங்கள்.

அம்மாவின் அடையாள அட்டைப் படம் ஒன்றுதான் இருக்கிறது. அதிலிருந்து வரைய முடியுமா?

முடியும், எல்லை தெரிந்துகொண்டு கொடுத்தால். அட்டையைத் தொலைபேசியில் படமெடுக்காமல் ஸ்கானரில் 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கான் செய்யுங்கள். 35 × 45 மில்லிமீற்றர் படம் அப்போது ஏறக்குறைய 1,650 × 2,100 பிக்சல் வரும். தபாலட்டை அளவு பழைய படத்துக்கு 600 டிபிஐ போதும். பளபளப்புத் தாள் அல்பத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் உரிக்காதீர்கள், அல்பத்தோடு வைத்தே ஸ்கான் செய்யுங்கள்.

படத்தை "தெளிவாக்கும்" செயலிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அவை மங்கலான இடத்தில் வேறு யாருடையதோ கண்ணையும் பல்லையும் இட்டு நிரப்புகின்றன. பார்த்தவுடன் நன்றாக இருக்கும், பெற்ற பிள்ளைகள் பார்த்தால் "எங்கோ இடிக்கிறது" என்பார்கள். மங்கலான மூலப் படத்தையே கொடுங்கள். செயலி செய்ததையும் காட்டலாம், ஆனால் எது எது என்று சொல்லிக் காட்ட வேண்டும்.

அடையாள அட்டைப் படத்தில் முகம் இறுகிப்போய் இருக்கும். சிரிக்க வைக்கும்படி கேட்டால் கன்னம், கண் ஓரம், மூக்குத் துவாரம் எல்லாமே மாற வேண்டும், உதட்டை மட்டும் வளைத்தால் முகமூடி போல வரும். சிரித்த படம் வேறொன்று, மங்கலானதாக இருந்தாலும், கிடைக்கிறதா என்று மாமிமார் சித்திமாரிடம் கேட்டுப் பாருங்கள்.

உயிரோடு இல்லாத அப்பாவையும் இப்போதைய குடும்பத்தையும் ஒரே படத்தில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். இரண்டு விஷயம் பொருந்த வேண்டும்: வெளிச்சம் வரும் திசை, கமரா இருந்த உயரம். அப்பாவின் படத்தில் வெளிச்சம் இடமிருந்து வந்திருந்தால் குடும்பத்தையும் அதே மாதிரி இருத்திப் புதிதாக ஒரு படம் எடுங்கள். பழையதை மாற்ற முடியாது, புதியதை மாற்றலாம். தலையின் அளவும் சிக்கல் தரும். அப்பா உங்களை விட உயரமா, எத்தனை அங்குலம் என்று எழுதிக் கொடுங்கள்.

எந்த அளவு எடுப்பது?

இங்கே எல்லோரும் அங்குலத்தில்தான் பேசுவார்கள். ஒருவரின் மார்பளவுப் படத்துக்கு 18 × 24 நல்ல அளவு. அதில் தலை ஏழெட்டு அங்குலம் வரும், உண்மைத் தலையை விடச் சற்றுச் சிறியது. நால்வர் குடும்பத்துக்கு 24 × 36க்குக் கீழே போகாதீர்கள். எண்ணெய் வர்ணத்தில் தலை மூன்று அங்குலத்துக்குக் குறைந்தால் முகச்சாடை பிடிப்பது கடினம், ஒரு தூரிகை மயிர் விலகினாலே வாய் மாறிவிடும்.

விகிதத்தையும் கணக்கெடுங்கள். 4 × 6 புகைப்படம் 16 × 24க்கும் 24 × 36க்கும் அப்படியே பொருந்தும். அதையே 16 × 20இல் கேட்டால் ஆறு அங்குலத்தில் ஒரு அங்குலம் வெட்டுப்படும், ஓரத்தில் நிற்பவரின் தோள் போகும்.

பெரிய படம் என்றால் வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் லிப்டின் உள் உயரத்தையும் படிக்கட்டுத் திருப்பத்தையும் அளந்துவிட்டு முற்பணம் கொடுங்கள். 4 × 6 அடிப் படம் வாசல் வரை வந்து மேலே ஏறாமல் நிற்பது அவ்வளவு அபூர்வமல்ல.

எண்ணெய் வர்ணமா, அக்ரிலிக்கா, நீர் வர்ணமா?

கொழும்பின் ஈரக்காற்றை வைத்துத்தான் இதை முடிவு செய்ய வேண்டும்.

எண்ணெய் வர்ணம் தண்ணீர் போல ஆவியாகி உலர்வதில்லை. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து இறுகுகிறது. மெல்லிய பூச்சு சில நாட்களில் தொடக்கூடியதாகும், தடித்த பூச்சுக்குக் கிழமைகள் ஆகும், உள்ளே முழுதாக இறுக ஆறு மாதம் முதல் ஒரு வருடம். அவசரத்தில், கீழ்ப்பூச்சு எண்ணெய் கூடியதாகவும் மேற்பூச்சு குறைந்ததாகவும் போட்டுவிட்டால் மேலே உள்ளது முதலில் இறுகி, கீழே உள்ளது அசைய, படம் வெடிக்கும். நேரம் கொடுக்க முடிந்தால் முகத்தோலுக்கு எண்ணெய்க்கு ஈடில்லை. நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று இழைவதற்கு அது இடம் கொடுக்கிறது.

அக்ரிலிக் ஒரு மணித்தியாலத்துக்குள் உலர்ந்துவிடும். திகதி நெருக்கமானால் இதுதான். இதன் குறை வெப்பத்தில் இளகுவது. வெயில் படும் வாகனத்தில் குமிழ்த் தாள் சுற்றி வைத்தால் அந்தக் குமிழ் வட்டங்கள் படத்தில் பதிந்துவிடும். கண்ணாடியும் நேரடியாகப் படக் கூடாது.

நீர் வர்ணம் வீடு, கோயில், கடற்கரைக் காட்சிக்கு அழகு. 300 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 300 கிராம்) முழுப் பருத்தித் தாள் கேளுங்கள், மலிவுத் தாள் நெளியும், மஞ்சளாகும், பூஞ்சணம் பிடிக்கும். வெளிச்சத்தில் மங்காத நிறங்களா என்றும் கேளுங்கள். பழைய அலிசரின் சிவப்பும் பளிச்சென்ற ரோஜா நிறங்களும் சில வருடங்களில் வெளிறிப் போகக்கூடியவை. வர்ணக் குழாயில் நிறம் மங்காமைக்கான தரக்குறி ஏஎஸ்டிஎம் 1 அல்லது 2 என்று இருந்தால் நம்பலாம்.

சாமி அறைக்கு எது நல்லது?

அக்ரிலிக், வார்னிஷ் பூசி, கண்ணாடி போட்டு, கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையில் கால் அங்குல இடைவெளி விட்டு. விளக்குப் புகையும் கற்பூரக் கரியும் படியும், மாலையின் ஈரம் இறங்கும், சந்தனமும் குங்குமமும் வைக்காமல் விடமாட்டீர்கள். கண்ணாடியின் மேல் வைத்தால் துடைக்கலாம். வர்ணத்தின் மேல் வைத்த குங்குமக் கறை போகாது. அம்மா அப்பாவின் படத்துக்குப் பொட்டு வைத்து மாலை போடும் வீடுகளுக்கும் இதே விதி.

எந்தத் திருவுருவம் என்பதை எழுத்தில் கொடுங்கள். "முருகன்" என்று மட்டும் சொன்னால் ஒருமுகமா ஆறுமுகமா, வள்ளி தெய்வானையோடா, மயில் எந்தப் பக்கம் பார்க்கிறது, வேல் எந்தக் கையில் என்று எல்லாவற்றையும் ஓவியரே தீர்மானிப்பார்.

ஓவியரை எங்கே தேடுவது?

ஆனந்த குமாரசுவாமி மாவத்தை, நாம் கிரீன் பாத் என்று சொல்வது, அங்கே வீதியோரம் படங்களை வைத்து விற்பவர்களிடம் நேரே பேசலாம். 1993இல் தொடங்கிய கலாபொல ஓவியச் சந்தையும் அதே வீதியில்தான். நூற்றுக்கணக்கான ஓவியர்களின் கைவேலையை ஒரே நாளில் பக்கத்தில் நின்று பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. லயனல் வென்ட் கலையரங்கக் காட்சிகளையும், ஹோட்டன் பிளேசில் உள்ள கட்புல, அரங்கேற்றக் கலைப் பல்கலைக்கழகத்தின் ஜே.டி.ஏ. பெரேரா காட்சிக்கூடத்தையும் பாருங்கள்.

பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நிலக்காட்சி நன்றாக வரைபவர் முகம் நன்றாக வரைவார் என்றில்லை. முடிந்த உருவப்படங்கள் மூன்று, அவற்றின் மூலப் புகைப்படங்களோடு காட்டச் சொல்லுங்கள். கைகளைப் பாருங்கள். கை வரையத் தெரியாதவர்கள் அதைச் சேலைக்குள்ளோ பூச்செண்டுக்குள்ளோ ஒளித்திருப்பார்கள்.

விலையை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

சிலர் சதுர அங்குலத்துக்கு, சிலர் முகத்துக்கு, சிலர் இரண்டையும் கலந்து. 18 × 24 என்பது 432 சதுர அங்குலம், 24 × 36 என்பது 864, சரியாக இரட்டிப்பு. ஆனால் சின்னப் படம் அந்த விகிதத்தில் மலிவதில்லை, முகத்துக்கு எடுக்கும் நேரம் அப்படியேதான் இருக்கிறது. காஞ்சிபுரப் பட்டின் சரிகைக் கரை, நகை, கல்யாண மேடை அலங்காரம் ஆகியவை நேரத்தை விழுங்குபவை. பின்னணியை ஒற்றை நிறமாக விடச் சொன்னால் விலை குறையும், பல வேளைகளில் படமும் நன்றாக வரும்.

நல்ல வர்ணமும் கன்வஸும் இறக்குமதி. 2022இல் டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து 360 வரை ஏறியபோது ஓவியர்களின் செலவும் கூடவே ஏறியது. அதனால் விலையைக் கேட்கும்போது அது எத்தனை நாளுக்குச் செல்லும், கன்வஸ், பிரேம், கொண்டுவந்து தரும் கூலி உள்ளடக்கமா என்று கேளுங்கள். முற்பணம் மூன்றில் ஒன்றிலிருந்து பாதி வரை கேட்பது வழக்கம். முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். முற்பணமே வேண்டாம் என்பவரிடமும் கொஞ்சம் யோசியுங்கள், உங்கள் வேலை அவர் வரிசையில் கடைசிக்குப் போகலாம்.

ஒப்பந்தம் எழுத வேண்டுமா?

சட்டத்தரணி தேவையில்லை. இரண்டு பேரும் "சரி" போட்ட ஒரு வட்ஸ்அப் செய்தி பெரும்பாலான சண்டைகளைத் தடுக்கும். இப்படி:

"18 × 24 அங்குலம், நெடுக்கு. கன்வஸில் எண்ணெய் வர்ணம். அம்மா ஒருவர், மார்பளவு, நீலச் சேலை (3ஆம் படம்), முகம் 1ஆம் படத்திலிருந்து. பின்னணி கடும் பச்சை. பென்சில் வரைவுக்கும் முதற் பூச்சுக்கும் பிறகு எனக்குக் காட்ட வேண்டும். வரைவில் இரண்டு தடவை மாற்றம் இலவசம். முற்பணம் 40 வீதம், மிகுதி கையில் தரும்போது. திகதி இது. பிரேம் சேராது. நடுவில் நிறுத்தினால் முற்பணம் ஓவியருக்கு, வரைந்தது எனக்கு."

கடைசி வரியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

எந்தக் கட்டத்தில் மாற்றம் கேட்கலாம்?

பென்சில் வரைவில் எதையும் கேளுங்கள். தலை சாய்வு, கை இருக்கும் இடம், வெட்டு எல்லாம் அங்கே தீர வேண்டும். வர்ணம் ஏறிய பின் சேலை நிறத்தை மாற்றலாம், ஆளை இரண்டு அங்குலம் நகர்த்த முடியாது. எண்ணெய் வர்ணம் வயதாக ஆகக் கொஞ்சம் ஊடுதெரியும் தன்மை பெறும், மேலே மறைத்த பழைய கை பல வருடம் கழித்து நிழலாக எழும்பும்.

கருத்துச் சொல்ல ஒருவரை நியமியுங்கள். குடும்ப வட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டால் ரொறன்ரோவிலிருந்து ஒரு மூக்கு, லண்டனிலிருந்து ஒரு மூக்கு என்று ஆளுக்கொரு மூக்கு வரும். "ஏதோ சரியில்லை" என்பதும் ஓவியருக்கு உதவாது. "கண் இரண்டுக்கும் இடையில் அகலம் கூடிப்போச்சு" என்பது உதவும்.

"கொஞ்சம் வெள்ளையாகப் போடுங்கோ" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். தோலின் நிறத்தை இரண்டு படி ஏற்றினால் நிழலும் சிறப்பொளியும் சேர்ந்து மாறி, சாடை போய்விடும். பிறகு "இது அம்மா இல்லை" என்று சொல்லப்போவதும் அவர்களே.

எத்தனை நாள் ஆகும்?

18 × 24 ஒற்றை முகம், அக்ரிலிக்கில் இரண்டு மூன்று கிழமை. எண்ணெயில் உலர்தலும் சேர்த்து ஆறிலிருந்து எட்டுக் கிழமை வைத்துக்கொள்ளுங்கள், மழைக்காலத்தில் இன்னும் கூடும். 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு எண்ணெய் வர்ணப் படம் கேட்பது நியாயமில்லை. அன்றைக்கு நல்ல புகைப்படம் ஒன்றைப் பெரிதாக்கி வையுங்கள், ஓவியத்தை ஆட்டைத் திவசத்துக்கு வரையக் கொடுங்கள்.

எண்ணெய்ப் படத்துக்கு இறுதி வார்னிஷ் ஆறு மாதத்துக்கு முன் பூசுவதில்லை. சில புதுவகை வார்னிஷ்களை முன்னதாகப் பூசலாம், போத்தலில் உள்ள குறிப்பைப் பார்க்க வேண்டும். எப்படியும் வார்னிஷுக்காகத் திரும்பக் கொண்டுபோவதற்குத் திகதி ஒன்றை இப்போதே பேசி வையுங்கள்.

கையால் வரைந்ததா, அச்சடித்து மேலே பூசியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தொலைபேசியின் மக்ரோ கமராவால் கன்னத்தைக் கிட்டப் பாருங்கள். ஒழுங்கான சிறு புள்ளிகள் தெரிந்தால் அச்சு. அச்சின் மேல் தடவிய நிறமற்ற ஜெல்லின் தூரிகைக் கோடுகள் கீழே உள்ள உருவத்தோடு ஒத்துப்போகாது, மூக்கின் மேலாகவே குறுக்கே ஓடும். இடையில் எடுத்த படங்களைக் கேட்பது இதற்கும் நல்ல காப்பு: வரைவும் முதற் பூச்சும் இல்லாமல் நேரே முடிந்த படம் வந்தால் கேள்வி கேளுங்கள்.

சட்டகமும் பிரேமும்?

சட்டகம் என்பது கன்வஸை இழுத்துக் கட்டும் மரச்சட்டம், பிரேம் என்பது படத்தைச் சுற்றி வெளியே தெரிவது. சட்டகத்துக்கு 24 × 30 வரை முக்கால் அங்குலச் சட்டம் தாங்கும். அதற்கு மேல் ஒன்றரை அங்குலமும் நடுவில் குறுக்குச் சட்டமும் வேண்டும், இல்லாவிட்டால் ஈரத்தில் முறுகி ஒரு மூலை சுவரை விட்டு எழும்பும். மூலைகளில் ஆப்பு வைத்த சட்டகம் என்றால் கன்வஸ் தொய்யும்போது தட்டி இறுக்கலாம். உலராத பலகை, பதனிடாத இறப்பர் மரம் இரண்டையும் தவிருங்கள், உளு விழும். எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) பிரேம் ஈரத்தில் ஊதும். எண்ணெய்ப் படத்துக்குக் கண்ணாடி வேண்டாம்.

எங்கே மாட்டுவது?

தென்மேல் பருவமழை அடிக்கும் வெளிச்சுவரில் வேண்டாம். கடற்கரைப் பக்கத் தொடர்மாடிகளில் கடலைப் பார்த்த ஜன்னலுக்கு எதிரேயும் வேண்டாம், உப்புக் காற்றும் மாலை வெயிலும் சேர்ந்து அடிக்கும். உட்சுவரில், பின்னால் மூலைக்கு ஒன்றாகத் தக்கைத் துண்டு ஒட்டி, காற்றோடக் கால் அங்குலம் விடுங்கள். பூஞ்சணம் பெரும்பாலும் கன்வஸின் பின்பக்கம்தான் தொடங்கும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள். தூசியை உலர்ந்த மென் தூரிகையால் தட்டுங்கள், ஈரத்துணி வேண்டாம். புதிய எண்ணெய்ப் படத்தைச் சுற்றி அலுமாரிக்குள் வைத்தால் மஞ்சளிக்கும்.

வெளிநாட்டுக்கு எப்படி அனுப்புவது?

அனுப்பப் போகிறீர்கள் என்பதை வரையத் தொடங்கும் முன்பே சொல்லுங்கள். திரும்ப இழுத்துக் கட்ட நாலு பக்கமும் இரண்டு அங்குலம் வெறும் கன்வஸ் விட வேண்டும். நன்றாக உலர்ந்த பின், நாலு அங்குலத்துக்குக் குறையாத விட்டமுள்ள குழாயின் மேல், வர்ணம் வெளிப்பக்கம் இருக்கும்படி சுற்றுங்கள். உட்பக்கம் வைத்துச் சுற்றினால் வர்ணம் நெருக்குண்டு மடியும். தடித்த வர்ணம் உள்ள படத்தைச் சுற்றவே கூடாது.

யாராவது கொண்டுபோவதானால், விமானப் பொதிக்கு நீளம், அகலம், உயரம் மூன்றும் கூட்டி 62 அங்குலம் என்பது வழமையான எல்லை. 20 × 30 படம் பொதியோடு தாராளமாகப் போகும். 24 × 36 பெட்டிக்குள் வைத்ததும் எல்லையைத் தாண்டும்.

பற்றுச்சீட்டில் "கையால் வரைந்த அசல் ஓவியம்", வருடம், அளவு, விலை எழுதி ஓவியர் கையொப்பமிடட்டும். சுங்க வரிப் பட்டியலில் ஓவியங்களுக்கான தலைப்பு 9701 முழுக்கக் கையால் வரைந்தவற்றுக்கு மட்டுமே, அச்சுப் படம் அதில் அடங்காது.

காசு கொடுத்து வாங்கினால் பதிப்புரிமை எனக்கா?

படம் உங்களுக்கு. அதை நாட்காட்டியிலோ அழைப்பிதழிலோ அச்சடிக்கும் உரிமை தானாக வராது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி பதிப்புரிமை ஓவியரின் வாழ்நாளுக்கும் அதன் பின் 70 வருடங்களுக்கும் உண்டு. அச்சடிக்கும் எண்ணம் இருந்தால் அதை எழுத்தில் வாங்கிக் கையொப்பம் இடுங்கள். மறுபக்கமும் இருக்கிறது: உங்கள் அம்மாவின் படத்தை ஓவியர் முகநூலில் போடக் கூடாது என்றால், அதையும் மேலே சொன்ன செய்தியிலேயே ஒரு வரியாகச் சேருங்கள். ஸ்டூடியோ எடுத்த கல்யாணப் படத்திலிருந்து வரைவதானால் அந்தப் படப்பிடிப்பாளரிடமும் ஒரு சொல் கேட்டுவிடுங்கள்.

முடிந்த படம் பிடிக்கவில்லை. என்ன செய்வது?

முதல் நாள் எதுவும் சொல்லாதீர்கள். புகைப்படத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஓவியம் முதலில் அந்நியமாகவே தெரியும். பகல் வெளிச்சத்தில், ஆறடி தள்ளி நின்று, பிறகு கண்ணாடியில் பிம்பமாகவும் பாருங்கள். பிழை உண்மையில் இருந்தால் கண்ணாடி காட்டிக்கொடுக்கும்: ஒரு கண் இறங்கியிருக்கும், வாய் கோணியிருக்கும். அதைக் குறித்துக்கொண்டு, மூலப் படத்தோடு ஓவியரிடம் போங்கள். சாடைப் பிழையை எண்ணெய் வர்ணத்தில் வார்னிஷுக்கு முன் திருத்துவது அரை நாள் வேலை.